குணச்சித்திர நடிப்பு: காதில் தொடங்கும் தொழில்

சென்னிமலையிலிருந்து சின்னத்திரைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ‘என் முகம் எடுபடுமா?’ என்பதுதான். அப்பா, வக்கீல், பூசாரி, வில்லன் என்று எதைக் கொடுத்தாலும் நம்பவைக்கிற நடிகருக்கு முகத்தைவிடக் காது முக்கியம். அடுத்தவர் பேச்சைக் கேட்டு உள்வாங்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் வயதான பிறகும் வேலை இருக்கிறது.

டெல்லி கணேஷைப் பாருங்கள். 1944இல் வல்லநாட்டில் பிறந்த நெல்லைச் சீமைக்காரர். சுமார் பத்தாண்டு விமானப்படையில் வேலை. டெல்லியில் நாடக மேடை, பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. 1977இல் ‘பட்டினப்பிரவேசம்’ படத்தில் பாலசந்தர் அறிமுகப்படுத்தினார். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லன்களில் ஒருவர். அடுத்த ஆண்டே ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் மணி ஐயர். நானூறுக்கு மேற்பட்ட படங்கள், அவற்றோடு சீரியல்கள், குறும்படங்கள். 2024 நவம்பரில், எண்பது வயதில் மறையும்வரை அவர் நடிகராகவே இருந்தார்.

பேச்சைப் பழகுங்கள்

கொங்குப் பேச்சு உங்கள் சொத்து. கவுண்டமணி, மணிவண்ணன், கோவை சரளா மூவரும் அதை வைத்தே தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தார்கள். ஆனால் அது மட்டுமே தெரிந்தால் பண்ணைக்கார மாமா வேடத்தோடு நின்றுவிடுவீர்கள்.

ஒரே வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில், “ஏனுங் மாமா, நேத்து வரலீங்ளா?” திருநெல்வேலியில், “ஏன்லே, நேத்து வரல?” சென்னையில், “இன்னாப்பா, நேத்து ஆளக் காணோம்?” விஷயம் ஒன்றுதான், மரியாதை, உரிமை, கோபம் மூன்றும் மாறிவிட்டன. வேடம் அங்கேதான் பிறக்கிறது. பெருந்துறை பஸ்ஸில், பெட்ஷீட் கடையில், கோயில் படிக்கட்டில் காதைத் திறந்து வையுங்கள். கேட்டதை இரவில் போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.

மேடை ஏறுங்கள்

திருவிழா நாடகமோ கல்லூரி விழாவோ, எது கிடைத்தாலும் விடாதீர்கள். சென்னை சென்றால் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களை அணுகுங்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கராகச் சேர்ந்து, நடிகர்களைக் கவனித்து வளர்ந்தவர்.

தளத்தின் வேகம்

சீரியலில் ஒரே நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள். வசனத் தாள் பல நேரம் அன்றைக்குத்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் பிராம்ப்ட் செய்ய, அதைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணில் உணர்ச்சி குறையாமல் பேச வேண்டும். போன வாரம் எடுத்த காட்சியின் தொடர்ச்சிக்கு அதே சட்டை, அதே பொட்டு, அதே கோபம் வேண்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே தயாராக நிற்பவரை யூனிட் மறக்காது.

பொறுமையும் உடம்பும்

கண்ணும் கண்ணும் (2008), புலிவால் (2014) படங்களை இயக்கிய மாரிமுத்து, ‘எதிர்நீச்சல்’ சீரியலில் ஆதி குணசேகரனாக வீடுதோறும் தெரிந்த முகமானபோது ஐம்பதைக் கடந்திருந்தார். 2023 செப்டம்பர் 8 அன்று அதே சீரியலின் டப்பிங்கில் இருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். நெஞ்சில் சிறு வலி என்றாலும் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எந்தக் கால்ஷீட்டும் உயிரைவிடப் பெரிதல்ல.

வருமானம் பெரும்பாலும் நாள் கணக்குதான். ஒரு வேடம் முடிந்து அடுத்தது வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் வேறொரு தொழில் இருக்கட்டும். வாய்ப்புத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே மூன்று வேடங்களை, மூன்று வட்டாரப் பேச்சில், தலா ஒரு நிமிடம் நடித்துப் படமெடுங்கள். மேக்கப் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். உங்களைத் தெரியாத ஒருவரிடம் காட்டி, மூன்று பேரும் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்ற பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எடுங்கள். வந்ததும் அந்த வீடியோவோடு வாய்ப்புக் கேட்கக் கிளம்புங்கள்.