கோலார் தங்கவயலில் ஒரு நடை

கர்நாடகத்தின் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதை ரயிலில் ஏறி, உரிகம் நிலையத்தில் இறங்குவோம். இனி கால்நடைதான். கையில் குடிநீரும் ஒரு கைக்குட்டையும் இருக்கட்டும். கைக்குட்டை எதற்கென்று பிறகு தெரியும்.

இங்கே இருவகை வீடுகளைக் காணலாம். தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள் ஆங்கிலேய அதிகாரிகளுடையவை. வரிசை வரிசையாக ஒட்டி நிற்கும் சிறு வீடுகள் தொழிலாளர் ‘லைன்’கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்களே இவற்றில் பெரும்பாலும் குடியேறினர்.

1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான்!

தெற்கே நடந்தால் சாம்பியன் ரீஃப். அதோ, துருப்பிடித்த இரும்புக் கோபுரம் தெரிகிறதல்லவா? அதன் உச்சியிலுள்ள சக்கரத்தின்மேல் ஓடிய கம்பிவடம்தான் ஆட்களைக் கீழே இறக்கியது. எவ்வளவு ஆழம்? சுமார் 3.2 கிலோமீட்டர்! பூமியில் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும். கோலாரின் பாறை மிகப் பழமையானது. ஆகவே ஏற்றம் சற்று மெதுவானதே. ஆயினும் அடித்தளத்தில் பாறை 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் வேலை செய்ய முடியும்.

வெப்பத்தைவிடக் கொடியது அழுத்தம். மூன்று கிலோமீட்டர் பாறையின் எடை, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 800 கிலோகிராம் சுமையாக அழுத்தும். தோண்டிய வெற்றிடத்தின் ஓரத்தில் இச்சுமை மேலும் கூடும். பாறை திடீரென வெடித்துச் சிதறும். இத்தகைய பாறைவெடிப்புகளில் பலர் மாண்டனர். (இதே ஆழம் அறிவியலுக்குக் கைகொடுத்ததும் உண்டு. 1965-இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் இங்கே பதிவாயிற்று. பிற காஸ்மிக் துகள்களை மேலுள்ள பாறை வடிகட்டிவிட்டதல்லவா!)

இப்போது கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். எதிரே நிற்கும் வெளிர்நிற மேடுகள் இயற்கையான குன்றுகள் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் கொட்டிய கழிவு. எனவேதான் ஊரார் இவற்றைச் சயனைடு மலை என்கின்றனர். உண்மையில் சயனைடில் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பது சிலிக்காத் தூள். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கும். இந்த சிலிகோசிஸ் நோய் வந்தபின் தழும்பை நீக்க மருந்தில்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் மட்டும் லைன் வீடுகளுக்கு அருகிலேயே நிற்கின்றன. பலத்த காற்றடிக்கும் நாளில் அத்தூள் இன்றும் சமையலறைவரை வந்துவிடுகிறது.