அரை கிரவுண்டு பச்சை

மனசு சரியில்லை என்று சொன்னால் ஏற்காடு போ, வால்பாறை போ என்பார்கள். போய்வரலாம், தப்பில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய மறுநாளே பால் பாக்கெட், பள்ளி வேன், ஆபீஸ் வாட்ஸ்அப் என்று பழைய ஓட்டம் ஆரம்பித்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற காட்டைவிடத் தினமும் கண்ணில் படுகிற கொஞ்சம் பச்சைதான் மனசுக்குக் கைகொடுக்கும் என்பது என் அனுபவம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிற எனக்கு அப்படி வாய்த்தவை இரண்டு: காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கிற கறிவேப்பிலை மரம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாங்கிப் போட்டிருக்கிற அரை கிரவுண்டு காலிமனை. இவற்றைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஒரே இடம், ஒரே நேரம்

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேருகிற இடமாகப் பாருங்கள். வண்டி எடுக்க வேண்டிய தூரம் என்றால் பழக்கம் நிலைக்காது. இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் பயனில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் என்ன மாறியது என்று தெரியும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கிற எங்கள் காலிமனை ஐப்பசி மழைக்குப் பிறகு வேறு ஊர்போல ஆகிவிடும். தும்பை, குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை என்று முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும். மேலே தட்டான்கள் சுற்றும். குனிந்து ஒரு கீழாநெல்லியைத் திருப்பினால், இலைக்காம்பின் அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அதே செடியைச் சாயங்காலம் பார்த்தால் இலைகளை மடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புதர் மண்டிய மனையில் ஷூ போடாமல் இறங்காதீர்கள், கல் குவியலில் கை விடாதீர்கள். பாம்புக்கும் அது வீடுதான். ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும்.

ஒரு மரத்தை முழுசாகப் பார்த்தல்

நிறைய பார்ப்பதைவிட ஒன்றை விடாமல் பார்ப்பதில் நிம்மதி அதிகம். என் கறிவேப்பிலை மரத்தையே சொல்கிறேன். கொழுந்தில் காக்காய் எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. பறவைகள் தின்னாமல் தப்பிக்க அந்த வேஷம். வளர வளரத் தோலுரித்து, கடைசியில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவை போல் பிரிந்த ஒரு கொம்பை நீட்டும். கூடவே ஒரு நெடி வரும். எறும்பையும் பறவையையும் விரட்ட அதனிடம் இருக்கிற ஆயுதம் அவ்வளவுதான்.

பிறகு குச்சியோடு தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். பத்து நாளை ஒட்டி, பெரும்பாலும் காலை வேளையில், கசங்கிய சிறகோடு பூச்சி வெளியே வரும். சிறகு விரிந்து உலரும்வரை அது பறக்காது. நாமும் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். ஆண் பூச்சி கறுப்பு, பின் சிறகில் வெள்ளைத் திட்டு வரிசை. பெண்ணிலோ மூன்று விதம் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் பறவைகள் தொடாத, நஞ்சுள்ள வேறு இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு வேஷம் கட்டும். ரசத்துக்குக் கிள்ளுகிற மரத்தில் இத்தனை நாடகம் நடக்கிறது.

கீழ்வீட்டு மாமி ஒருநாள் ஸ்ப்ரேயரோடு வந்துவிட்டார். “இலையெல்லாம் ஓட்டை, மருந்து அடிச்சுடட்டுமா?” என்றார். “பத்து நாள் பொறுங்கோ மாமி, அப்புறம் மரம் தானே துளிர்க்கும்” என்றேன். மரம் துளிர்த்தது. இப்போது புழு வந்தால் மாடிப்படி ஏறிவந்து எனக்குச் சொல்வதே அவர்தான்.

கண்ணுக்கு வேலை கொடுங்கள்

கண்ணை மூடி மனசை அடக்கு என்றால் எனக்கு வராது. இஎம்ஐயும் மகளின் பரீட்சையும்தான் வரிசையாக வரும். கண்ணைத் திறந்துவைத்து அதற்கு ஒரு வேலை கொடுத்தால் மனசு தானாக அடங்குகிறது. எண்ணுவது நல்ல வேலை. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். மொட்டைமாடியில் நின்றே செய்யலாம். அதே 15 நிமிஷத்தைச் சாதாரண நாட்களிலும் கடைப்பிடிக்கிறேன். போன் வீட்டில் இருக்கும், பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும். காக்கை, மைனா, அணில், தையல்சிட்டு என்று குறித்து முடிக்கும்போது மூச்சு நிதானமாகியிருக்கும்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996), ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 தொடங்கிக் கடைசிவரை இயற்கைப் பத்தி எழுதினார். யானைகளைத் தேடிக் காடு காடாகப் போனவர்தான். வீட்டைச் சுற்றித் திரிகிற உயிர்களையும் அதே அக்கறையோடு எழுதினார். பார்க்கிற பழக்கம் வந்தவருக்கு இடம் ஒரு பொருட்டில்லை.

வெளியே போக முடியாதவர்களுக்கு

மூட்டுவலியால் அம்மாவால் படி இறங்க முடியாது. அவர் நாற்காலியை டிவி முன்னாலிருந்து எடுத்து, மரம் தெரிகிற ஜன்னலோரம் போட்டோம். இப்போதெல்லாம் சாயங்காலம் நான் வந்ததும், “செண்பகம் வந்து சுவர்மேல உக்காந்துச்சுடி” என்று அவர்தான் எனக்குச் செய்தி சொல்கிறார். ஜன்னல் வழியே தெரிகிற பச்சையும் உதவும் என்பதைத்தான் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

ஜன்னல் விளிம்பில் ஒரு மண்தட்டில் தண்ணீர் வைத்தால் பறவை வரும். தினமும் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அந்த முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காலிமனைக்காரர் என்றாவது வீடு கட்டுவார். அது அவர் உரிமை. நம் வளாகத்தில் மிச்சமிருக்கிற மண் நம் கையில் இருக்கிறது. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் “சுத்தமாக இருக்கும், டைல்ஸ் போட்டுவிடலாம்” என்று யாராவது சொன்னால், மரத்தடியைச் சுற்றியாவது மூன்றடி மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாய் திறந்தால் போதும், கூடச் சேர நாலு பேர் இருப்பார்கள்.