மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல

நாற்று நடவும் களையெடுப்பும் குனிந்தும் குந்தியும் செய்ய வேண்டிய வேலைகள். ஆகவே மூட்டு வலித்தால், "உழைத்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று உழவர் குடும்பங்களில் விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு விட்டுவிடக் கூடாத மூட்டுவாதமும் உண்டு. அதை அடையாளங்காண, காலையில் எழுந்தவுடன் மூட்டு எவ்வளவு நேரம் விறைத்திருக்கிறது என்று கவனிப்பது பெரிதும் உதவும்.

எலும்புகள் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம், பல்லாண்டுகள் குந்தியிருந்து செய்த வேலை ஆகியவற்றால் இது நைந்து போவதே தேய்மான மூட்டுவாதம். பெரும்பாலும் முழங்காலில் வரும். காலை விறைப்பு அரை மணிக்குள் தளர்ந்துவிடும். நடந்தால் வலி கூடும், ஓய்வில் குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சிறிது நேரம் நிறுத்தும் பயிற்சி தொடைத் தசைக்கு வலுவூட்டும். வரிசை நடவு வயலில் நின்றபடியே உருட்டும் கோனோவீடரை மகசூலுக்காக மட்டுமன்றி முழங்காலுக்காகவும் பரிந்துரைக்கலாம் என்பது எமது கருத்து.

முடக்குவாதம் வேறு வகை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. பெரும்பாலும் இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் சேர்ந்தே வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும்; பால் கறக்கவோ அரிவாள் பிடிக்கவோ விரல் மடங்காது. வேலை செய்யச் செய்ய விறைப்பு சற்றுத் தளரும். பலர் ஏமாந்து போவது இதனால்தான். கவனியாது விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். கோணியதை எந்த மருந்தும் நிமிர்த்தாது. எனவே இத்தகைய வீக்கம் சில வாரங்கள் நீடித்தாலே அரசு மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்ற பெண்கள் இதை உண்ணலாகாது.

பெயர் தெரியாத மாத்திரைகளைப் பொட்டலமாக வாங்கி உண்டு, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்பவர்கள் உண்டு. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். 1948-இல் அமெரிக்காவில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் இவ்வகை மருந்தைக் கொடுத்தபோதும் குணம் வியப்பூட்டியது. தீங்குகள் பின்னரே தெரிந்தன. மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்து உண்டால் முகம் உப்பும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். ஆனால், நெடுநாள் உண்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மீதியுள்ள மாத்திரைகளை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.