பச்சை அம்பு சொல்லாதது

ஆட்டம் முடிந்த கையோடு அலசல் பொத்தானை அழுத்துவது செஸ் ஆடும் பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம். சிவப்பில் சில தவறுகள், பச்சை அம்பில் சரியான நகர்த்தல், மேலே துல்லியம் என்று ஒரு சதவீதம். பார்த்ததும் அடுத்த ஆட்டம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலிமையான இஞ்சின் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அதை இப்படி வீணாக்குவது வருத்தமாக இருக்கிறது. இதற்குப் பின்னால் சில தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: துல்லியம் 90 சதவீதத்தைத் தாண்டினால் நன்றாக ஆடியிருக்கிறேன்.

உண்மை: எதிராளி ஆரம்பத்திலேயே ராணியைப் பறிகொடுத்தால் யாருக்கும் 90 வரும். இரண்டு பக்கமும் ராஜாவைத் துரத்தும் கடும் போரில் 75 வாங்கி ஜெயித்தது அதைவிட நல்ல ஆட்டமாக இருக்கலாம்.

நம்பிக்கை: இஞ்சின் 0.00 என்று மதிப்பிட்டால் ஆட்டம் டிரா.

உண்மை: இரு தரப்பும் இஞ்சினைப் போலவே ஆடினால் டிரா என்றுதான் அதற்குப் பொருள். மனிதர்களுக்கு அந்த நிலை எவ்வளவு கடினம் என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியில் டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் இடையிலான 14-வது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் இஞ்சின் கணக்கில் டிராதான். குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வழி திறந்தது. மிஞ்சும் சிப்பாய் முடிவாட்டத்தில் டிங்குக்குத் தோல்வி நிச்சயம். 18 வயதுச் சென்னைப் பையன் உலக சாம்பியன் ஆனார். 0.00 என்று கைகுலுக்கியிருந்தால்?

நம்பிக்கை: சிவப்பில் காட்டும் நகர்த்தல்தான் என் தவறு.

உண்மை: சிவப்பு காட்டுவது சரிந்த இடத்தை. சறுக்கத் தொடங்கிய இடம் பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். 30-வது நகர்த்தலில் குதிரையைப் பறிகொடுத்தீர்கள், கையில் இருந்தது பத்தே நொடி. அப்படியானால் 14-வது நகர்த்தலில் எதைத் தீர்மானிக்க முடியாமல் அத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள்? அங்கேதான் பாடம். இந்தக் கேள்வியை எந்த இஞ்சினும் உங்களிடம் கேட்காது.

நம்பிக்கை: சரியான நகர்த்தலைப் பார்த்தாலே கற்றுக்கொண்டதாகிவிடும்.

உண்மை: விடைத்தாளைப் படித்து யாரும் கணக்குக் கற்றதில்லை. சொந்த ஆட்டங்களுக்கு நீங்களே குறிப்பு எழுதுங்கள் என்று முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் வற்புறுத்தியது இஞ்சின் இல்லாத காலத்தில். இன்றும் அதுவே முதல் வேலை. குகேஷின் அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் ஏறத்தாழ 2500-ஐ எட்டும்வரை அவரை இஞ்சின் பக்கமே விடவில்லை. எல்லோரும் அப்படிச் செய்ய முடியாது; குகேஷுக்கு எதிரே ஒரு கிராண்ட்மாஸ்டரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நாம் செய்யக்கூடியது இது: இஞ்சினை அணைத்துவிட்டு, எந்த இடத்தில் என்ன நினைத்தோம், எதற்குப் பயந்தோம், எதிராளியின் எந்த நகர்த்தல் கண்ணில் படவே இல்லை என்று எழுதுவது. பிறகு இஞ்சினைப் போட்டு, அதன் அம்பைப் பார்க்காமல் நம் நகர்த்தலையே வைத்து அது எப்படித் தண்டிக்கிறது என்று பார்ப்பது. நம் குறிப்பும் அதன் பதிலும் முரண்படும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நேரம் செலவிட்டால் போதும். நாலைந்து நகர்த்தல் தள்ளிப் பார்த்தும் காரணம் விளங்காத பரிந்துரையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.