பழைய லேப்டாப்: துடைப்பதற்கு முன் எடுத்து வைப்போம்

 

நம் ஊரில் பல வீடுகளின் பீரோவில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். சபுரிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். இன்று அதை ஆன் செய்தால் திரை வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். "ஃபார்மட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஃபார்மட் அடித்த பிறகுதான், மவுத்தான வாப்பாவின் புகைப்படங்கள் அதற்குள்தான் இருந்தன என்பது பலருக்கு நினைவு வருகிறது.

கணினியை முதன்முதலில் வாங்கிய நிலைக்குக் கொண்டு வருவதை 'ஃபேக்டரி ரீசெட்' என்கிறோம். அதை எப்படிச் செய்வது, அதற்கு முன்னும் பின்னும் எதைக் கவனிப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முதலில் காரணத்தைப் பார்ப்போம்

எல்லா மந்தமும் ரீசெட் செய்தால் தீராது.

விண்டோஸ் 10, 11 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தேவையற்றவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். இதிலேயே சில கணினிகள் சரியாகிவிடும்.

சி டிரைவில் இடம் தீர்ந்து போயிருந்தாலும் வேகம் குறையும். குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது.

நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றும் தூசியும் விசிறியில் அடைந்தால் கணினி சூடாகும். சூடானால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு ரீசெட் பயன்படாது. திறந்து சுத்தம் செய்வதே வழி. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். உடனே கழற்றச் சொல்லுங்கள்.

'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வேறு எந்த வேலையும் செய்யாமல் உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். ரீசெட் முடிந்த பிறகு வருந்திப் பயனில்லை.

* டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய ஐந்து ஃபோல்டர்களையும் முழுமையாக எடுங்கள். டி, இ டிரைவ்களையும் திறந்து பாருங்கள்.
* பாஸ்போர்ட், விசா, பத்திரம், நிக்காஹ் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகளைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.
* கடை வைத்திருப்பவர்கள் டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவை அந்த மென்பொருளின் 'பேக்கப்' வழியாகவே எடுக்க வேண்டும்.
* பிரவுசரில் சேமித்துள்ள பாஸ்வேர்டுகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இமெயில் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வேறொரு போனில் உள்ளே சென்று உறுதி செய்யுங்கள்.
* பலரும் மறப்பது எழுத்துரு. மதரஸா வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை, ஜமாஅத் கடிதங்கள் போன்றவற்றைப் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருப்போம். ரீசெட் செய்தால் அந்த எழுத்துருக்கள் போய்விடும். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

எடுத்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவ். மற்றொன்று உறவினர் வீட்டுக் கணினி அல்லது கூகுள் டிரைவ். பிறகு அந்தப் பிரதியை வேறொரு கணினியில் போட்டு, நாலைந்து படங்களையும் கோப்புகளையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

வீட்டில் உள்ள எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது ஒருவர் பெயரில் இருக்கலாம். உள்ளே இருப்பது எல்லோருடையதும்தான்.

3. ரீசெட் செய்யும் முறை

சார்ஜர் இணைந்தே இருக்க வேண்டும். பாதியில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் கணினி திறக்காமலே போகலாம்.

*விண்டோஸ் 10:* 'செட்டிங்ஸ்', அதில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதில் 'ரெக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி'. *விண்டோஸ் 11:* 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி'.

அங்கே இரண்டு கேள்விகள் வரும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் உங்கள் கோப்புகள் இருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாம் போகும். கணினி உங்கள் வீட்டிலேயே இருக்கப் போகிறது என்றால் முதலாவது போதும். அப்போதும் பிரதி எடுக்காமல் தொடங்க வேண்டாம்.

*பழைய கணினிகள்:* கம்பெனியே ஹார்ட் டிஸ்கில் மறைவாக ஒரு பகுதியை ஒதுக்கி, தொடக்க நிலையின் பிரதியை வைத்திருக்கும். ஆன் செய்யும்போது எச்பி கணினியில் எஃப் 11, ஆசுஸில் எஃப் 9, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப் 10 அழுத்தினால் அது திறக்கும். லெனோவோவில் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு சிறு பட்டன் அல்லது துளை இருக்கும். இடையில் யாராவது வேறு விண்டோஸ் போட்டு அந்தப் பகுதியை அழித்திருந்தால் இந்த வழி வேலை செய்யாது.

அரசு லேப்டாப் வைத்திருப்போர் கவனத்திற்கு: அவற்றில் பல, விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே வந்தவை. ரீசெட் இரண்டையும் அழித்துவிடலாம். பாஸ் பக்கத்தில் சேமித்தவை இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

4. பழைய நிலை பாதுகாப்பான நிலையா?

கணினியைப் பத்தாண்டுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டு போனால், பாதுகாப்பும் பத்தாண்டு பின்னே போய்விடும்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டன. 2023 முதல் புதிய குரோம் பிரவுசரும் அதில் ஓடுவதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே விண்டோஸ் 7 உள்ள கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். இணையம் இல்லாமல் தட்டச்சுக்கும், பிள்ளைகள் பாடம் பார்க்கவும் பயன்படுத்தலாம்.

இணையமும் வேண்டும் என்றால் லினக்ஸ் நல்ல வழி. சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்', உலகெங்கும் பயன்படும் 'லினக்ஸ் மிண்ட்' ஆகிய இரண்டும் இலவசம். லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ராம் உள்ள கணினியிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் சிரமமில்லை. பென் டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்கில் எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். திருட்டு விண்டோஸில் வரும் வைரஸ் பயமும், அடுத்தவர் உரிமையை எடுத்துவிட்டோமோ என்ற உறுத்தலும் இதில் இல்லை.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து தேடுகிறது. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய வேகம் தரும் மாற்றம் வேறில்லை.

5. பிறருக்குக் கொடுக்கும்போது

பழைய லேப்டாப்பை ஓர் ஏழை மாணவருக்கு ஸதகாவாகக் கொடுப்பது மிக நல்ல காரியம். ஆனால் அதில் ஓர் அமானிதம் இருக்கிறது.

நாம் 'டெலீட்' செய்யும்போது கோப்பு உடனே அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை அப்படியே விடுவது போன்றது அது. ஹார்ட் டிஸ்கில் சாதாரண ஃபார்மட்டும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்தே அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். நம் வீட்டுப் பெண்களின் கல்யாணப் படங்களும், பாஸ்போர்ட் பிரதிகளும் யார் கையிலோ போய்ச் சேர நாமே காரணமாகிவிடக் கூடாது.

எனவே கொடுக்கும் முன், கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' பகுதியில் டிரைவைச் சுத்தம் செய்யும் 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகும்; பொறுத்திருங்கள். இதைவிட எளிய வழியும் உண்டு. பழைய டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள். வாங்குபவருக்கு வேகமான கணினி கிடைக்கும்; உங்கள் குடும்பத்தின் இரகசியம் உங்களிடமே இருக்கும். கழற்றிய டிஸ்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் அதுவே உங்கள் பேக்கப் ஆகிவிடும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. முடிந்தால் பக்கத்திலேயே இருந்து செய்து வாங்குங்கள்.

ஏற்கனவே தவறுதலாக அழித்துவிட்டவர்கள் அந்தக் கணினியை உடனே அணைத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்காக இருந்து, அதன் மேல் புதிதாக எதுவும் பதியாத வரை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

நல்ல நிலையில் உள்ள பொருளைக் குப்பையில் போடுவது வீண்விரயம். அதைச் சரி செய்து நாமும் பயன்படுத்தி, ஒரு பிள்ளையின் படிப்புக்கும் கொடுத்தால் அதன் நன்மை நம்மைத் தொடரும், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, குடும்பமாக உட்கார்ந்து, உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிடுவோம்.