கதிரியக்கத்தை உயிர்கள் தாங்குமா?

கேரளக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில், நம் மணவாளக்குறிச்சியிற் போலவே, தோரியம் பொதிந்த மோனசைட்டு உண்டு. மக்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. எனினும், உடல் பழகிவிட்டது என்று இதனால் முடிவுகட்டலாகாது.

ஐயம்பேட்டைத் தறியில் அறுந்த பாவிழையை நெசவாளர் பிணைப்பதுபோல், உயிரணுவும் அறுந்த டி.என்.ஏ. இழையைச் செப்பனிடுகிறது. சில இழைகளாயின் சரி; பாவு முழுதும் அறுந்தால்? உடல் முழுதும் ஒரேயடியாக 5 கிரே கதிர்வீச்சுப் பெற்ற மனிதர் மருத்துவமின்றிப் பிழைப்பது அரிது. 1956-இல் கண்டறியப்பட்ட டைனோகாக்கஸ் நுண்ணுயிரோ அதனினும் ஆயிரம் மடங்கு தாங்கும். வறட்சியைத் தாங்க நெடுங்காலத்தில் வளர்ந்த செப்பனிடும் திறனே அதற்குக் காரணம் என்பர். அத்திறன் நமக்கும் வாய்த்ததென மயங்குதல் கூடாது.