வேலையிழந்த தொழிலாளரும் ஈட்டுறுதி நிவாரணமும்

வேலையின்மை, முதுமை, நோய் போன்ற நிலைகளில் மக்கள் பொது உதவி பெறும் உரிமையை, நாட்டின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, அரசு உறுதி செய்ய வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றுள் நோய்க்கு முதலில் வழி பிறந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் (இ.எஸ்.ஐ.) மருத்துவ வசதி, நோய்க்கால உதவி, மகப்பேற்று உதவி ஆகியவற்றை அளித்தது. வேலை பறிபோனவருக்கு அதில் இடமில்லை. 1953-இல் சட்டமாக்கப்பட்ட ஆட்குறைப்பு இழப்பீடு, நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் என்பது, முதலாளி தர வேண்டியது. நொடித்துப்போன ஆலையிடம் அதைக் கேட்டுப் பெறுவது எளிதன்று.

2005 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டமே இக்குறையை முதலில் தொட்டது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலையின்போது நேராத காயத்தால் ஏற்படும் நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்த காப்பீட்டாளருக்கு ஊதியத்தில் பாதியை அது உதவித்தொகையாக வழங்கியது. ஆயினும் இக்காரணங்களுக்குள் அடங்காமல் வேலையிழந்தோர் வெளியிலேயே நின்றனர்.

அவர்களையும் கருதி 2018 ஜூலை 1 முதல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் செயற்படலாயிற்று. சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை என்பது அதன் அளவு. ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவரும், ஓய்வு வயதை எட்டியவரும், விருப்ப ஓய்வு பெற்றவரும் இதனைப் பெற இயலாது. வேலையிழந்து மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே, அதுவும் கடைசி முதலாளியின் வழியாகவே, விண்ணப்பம் செல்ல வேண்டியிருந்தது. கதவை மூடிவிட்டுச் சென்றவரிடம் கையொப்பம் பெறுவது எங்ஙனம்? திட்டத்தின் பெரிய முட்டுக்கட்டை இதுவே எனலாம்.

கொரோனா ஊரடங்கு இதனை வெளிப்படுத்தியது. 2020 ஆகஸ்டில் கழகம் விதிகளைத் தளர்த்தி, அவ்வாண்டு மார்ச் 24 முதல் வேலையிழந்தோருக்கு விழுக்காட்டை 50 ஆக உயர்த்தியது. காத்திருப்புக் காலத்தை 30 நாட்களாகக் குறைத்தது. விண்ணப்பத்தைக் கிளை அலுவலகத்திலேயே நேரடியாக அளிக்க இசைந்தது. அவ்வாண்டு நவம்பரில் உறுதிமொழிப் பத்திரமும் தேவையில்லை என்றாயிற்று. தொகையை உயர்த்தியதினும் முதலாளியின் கையொப்பத்தை நீக்கியதே பெரிய சீர்திருத்தம். இத்தளர்வுகள் பின்னர்ப் பலமுறை நீட்டிக்கப்பட்டன.

எனினும் கணக்கிடும் முறையை மாணவரும் அலுவலரும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்னும் அரையாண்டு. நான்கு சந்தாக் காலங்களில் ஈட்டிய மொத்த ஊதியத்தை 730 நாட்களால் வகுத்தே சராசரி காணப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் இடைவிடாது உழைத்தவரின் சராசரி நாள் ஊதியம் ஏறத்தாழ 493 ரூபாய். 50 விழுக்காட்டின்படி 90 நாட்களுக்கு அவர் பெறுவது சுமார் 22,190 ரூபாய். அதே ஊதியத்தில், முதல் அரையாண்டும் கடைசி அரையாண்டும் மட்டும் வேலை கிடைத்து, இடையில் ஓராண்டு வேலையின்றி இருந்தவருக்கும் தகுதி உண்டு. 2020 தளர்வின்படி, வேலையிழப்புக்கு முந்தைய சந்தாக் காலத்திலும் எஞ்சிய மூன்றில் ஒன்றிலும் 78 நாட்களுக்குச் சந்தா இருந்தால் போதும். ஆனால் வகுக்கும் எண் மாறாது. அவர் கையில் சேர்வது சுமார் 11,095 ரூபாயே. முன்பு வேலையில்லாமல் வாடிய காலமே இப்போதைய நிவாரணத்தையும் பாதியாக்கிவிடுகிறது.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு மற்றொரு இடர் உண்டு. ஒருவரின் காப்பீட்டு எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே. ஒப்பந்தக்காரர் மாறுகையில் பழைய எண்ணைக் கூறாமல் புதிய எண் பதிவானால், சந்தாக்கள் இரண்டு கணக்குகளில் சிதறி, 78 நாள் தகுதி இரண்டிலும் கிட்டாமற் போகக்கூடும். பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டையோடு பொருந்தாதபோதும் விண்ணப்பம் தேங்கும். இவற்றைக் கிளை அலுவலகத்தில் திருத்திக்கொள்ள ஏற்ற காலம், வேலையில் இருக்கும் காலமே.